கட்டிலிலிருந்து வாசல்வரை
இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் கடக்க வேண்டிய 12 வாரங்கள்

2023 டிசம்பர் 7, இரவு. முதலமைச்சர் பதவியிலிருந்து விலகி நான்கே நாட்கள் ஆகியிருந்த கே.சந்திரசேகர ராவ், தெலங்கானாவில் உள்ள எர்ரவல்லி பண்ணை வீட்டின் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடது இடுப்பில் எலும்பு முறிவு. மறுநாளே ஹைதராபாத்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு அடுத்த நாள், 69 வயதான அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை அறைக்குள் மெல்ல அடியெடுத்து வைக்கும் வீடியோ வெளியானது. டிசம்பர் 15 அன்று வீடு திரும்பினார். 2024 பிப்ரவரி 1 அன்று கைத்தடியுடன் சட்டப்பேரவைக்கு வந்து எம்.எல்.ஏ.வாகப் பதவியேற்றுக்கொண்டார்.

அறுவை சிகிச்சைக்கும் பதவியேற்புக்கும் இடையில் 55 நாட்கள். அதில் மருத்துவமனைக்குச் சேர வேண்டியது ஒரு வாரம்தான். மீதி 48 நாட்களும் வீட்டுக்கணக்கு.

பெரிய தலைவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபிஸ்ட், செவிலியர் என்று ஒரு படையே உண்டு. நம் தெருவில் இருக்கும் பாட்டிக்கு? மருத்துவமனையில் ஐந்தாறு நாள் இருந்துவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி என்ற இரண்டு தாளும் ஒரு மாத்திரைக் கவருமாக வீட்டுக்கு வருகிறார். தாளில் இருப்பது ஆங்கிலம். வாங்கி வைத்துக்கொள்வது மகனோ மருமகளோ. ‘அம்மாவை எப்படி எழுப்புவது, எங்கே உட்கார வைப்பது, ராத்திரி பாத்ரூம் போக வேண்டும் என்றால் என்ன செய்வது?’ என்ற கேள்விகள் எல்லாம் ஆம்புலன்ஸை விட்டு இறக்கும்போதுதான் முளைக்கின்றன.

அறுவை அரங்கில் நடக்கும் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்த வேலைக்குப் பலன் கிடைக்குமா என்பது அதற்கடுத்த 12 வாரங்களில், கட்டிலுக்கும் வாசலுக்கும் இடையில் முடிவாகிறது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறக்குறைய 14 சதவிகிதம். நாட்டின் சராசரியோ 10 சதவிகிதத்தை ஒட்டியே இருக்கிறது. இந்த 12 வாரங்களை எப்படிக் கடப்பது என்று நம் வீடுகள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

முதல் கேள்வி: உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்?

‘இடுப்பு ஒடஞ்சிருச்சு’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை முறிவதைத்தான். இடுப்பில் ஒரு கிண்ணம், அதற்குள் சுழலும் பந்து போன்ற தொடை எலும்புத் தலை, அதைத் தாங்கும் கழுத்து. இதுதான் மூட்டின் அமைப்பு. தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கழுத்தை ஒட்டியே ஓடுகின்றன. வயதானவர்களுக்குக் கழுத்துப் பகுதி முறிந்து விலகிவிட்டால் அந்த ரத்த ஓட்டம் அறுபட்டு, எலும்பு சேர்வது கடினமாகிவிடும். அதனால் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துகிறார்கள். சிலருக்குக் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்திருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். எலும்புக்குள் கம்பியும் திருகும் செலுத்தி, முறிந்த பாகங்களைச் சேர்த்துப் பிடிக்க வைப்பார்கள்.

‘பால் மாத்தியிருக்கு’, ‘ராடு வெச்சிருக்கு’ என்று வீட்டில் பேசிக்கொள்வது இந்த இரண்டைத்தான். இரண்டுக்கும் வீட்டுக் கவனிப்பில் வித்தியாசம் உண்டு. பந்து மாற்றியவருக்கு மூட்டு நழுவிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். கம்பி வைத்தவருக்கு, எலும்பு சேரும்வரை அந்தக் காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பது முக்கியம். எனவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்? காலில் முழு எடை வைக்கலாமா, பாதியா, கூடவே கூடாதா? எந்தெந்த அசைவை எத்தனை வாரத்துக்குத் தவிர்க்க வேண்டும்?

படுக்கையில் கரையும் கால்கள்

‘ஆபரேஷன் ஆன உடம்பு. அசையாம படுங்கம்மா, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்.’ பாசத்தில் சொல்லப்படும் இந்த வார்த்தைதான் இடுப்பு நோயாளிகளுக்கு அதிகக் கெடுதல் செய்கிறது.

2007-ல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அறுவை சிகிச்சையோ நோயோ இல்லாத, ஆரோக்கியமான முதியவர்கள் சிலரை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோயிருந்தது. நல்ல உடம்புக்கே இந்தக் கதி. விழுந்து, எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையும் ஆன உடம்பில் இழப்பு இன்னும் வேகமாக இருக்கும்.

இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்பது பல நாடுகளிலும் காணப்படும் கணக்கு. முறிந்த எலும்பே நேரடியாக உயிரைப் பறிப்பது அரிது. ஏற்கெனவே இருக்கும் இதய நோயோடு, படுத்தே கிடப்பதால் நுரையீரலில் தேங்கும் சளி, காலில் உறையும் ரத்தம், சிறுநீர்த் தொற்று, முதுகுத்தண்டின் அடிமுனையிலும் குதிகாலிலும் வரும் படுக்கைப் புண் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் இன்றைய மருத்துவம், உடல்நிலை இடம்கொடுத்தால் முறிவு நேர்ந்த ஓரிரு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை, அதற்கு அடுத்த நாளே எழுந்து நிற்பது என்ற வழியைப் பின்பற்றுகிறது.

இந்த இடத்துக்கு வர நீண்ட காலம் ஆனது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-ல் பாலிஎத்திலின் கிண்ணமும் உலோகப் பந்தும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். இன்றைய இடுப்பு மாற்று சிகிச்சைகளுக்கெல்லாம் மூலம் அதுதான். 2007-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை இதை ‘நூற்றாண்டின் அறுவை சிகிச்சை’ என்றே அழைத்தது. ஆனாலும் சார்ன்லியின் காலத்து நோயாளிகள் வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். மறுநாளே நடக்கலாம் என்ற துணிவு மருத்துவ உலகுக்குப் பின்னால்தான் வந்தது. நம் வீடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் மூன்று பந்துக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று வண்ணப் பந்துகள், பக்கத்தில் ஒரு குழாய். பல வீடுகளில் அதை ஊதிக்கொண்டிருப்பார்கள். அதை ஊதக் கூடாது. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே மெதுவாக இழுக்க வேண்டும். பந்துகள் மேலே எழும். இரண்டு மூன்று விநாடி மூச்சைப் பிடித்து, பிறகு விட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு பத்து முறை செய்தால் நுரையீரலின் அடிப்பகுதி விரிந்து சளி தேங்காது. அந்தக் கருவி டி.வி. ஸ்டாண்டில் காட்சிப் பொருளாக இருந்துவிடக் கூடாது. கட்டிலில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அதுபோலவே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலை மெத்தையில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை தொடையை இறுக்கிப் பிடிப்பது, பிட்டத் தசையை இறுக்கி விடுவது ஆகியவற்றைப் படுத்தபடியே செய்யலாம். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதெல்லாம் ரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. காபி குடித்ததும் இருபது, சீரியல் விளம்பர இடைவேளையில் இருபது என்று பழக்கப்படுத்திவிட்டால் கணக்குத் தானாக நிறைந்துவிடும்.

நோயாளி வருமுன் வீடு தயாராகட்டும்

ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தைய நாளே வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

முதலில் மிதியடிகள். வாசலில், சமையலறையில், குளியலறை முன்னால் என்று எங்கே கிடந்தாலும் சுருட்டி எடுத்துவிடுங்கள். வாக்கரின் கால் சிக்குவது அவற்றில்தான். டி.வி.க்கும் இன்வெர்ட்டருக்கும் ஓடும் ஒயர்களைச் சுவரோரம் ஒதுக்குங்கள். மாடியில் படுக்கிறவர் என்றால் சில வாரங்களுக்குக் கட்டிலைக் கீழே இறக்கிவிடுங்கள். தொய்ந்துபோன கயிற்றுக் கட்டிலும், உட்கார்ந்தால் அமுங்கிப்போகும் இலவம்பஞ்சு மெத்தையும் வேண்டாம்.

அடுத்தது உட்காரும் உயரம். உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே இருக்க வேண்டும். சோபாவில் இது நடக்காது. கைப்பிடி வைத்த, உறுதியான நாற்காலி வேண்டும். பல வீடுகளில் கண்டுபிடித்திருக்கும் வழி எளிமையானது: ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் உயரமும் கூடுகிறது, பலமும் கூடுகிறது. பின்பக்கம் சுவரில் முட்டும்படி போட்டுவிட்டால் நழுவாது.

உட்காரும் முறையையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாற்காலியின் விளிம்பு இரண்டு கால்களின் பின்பக்கமும் தொடும்வரை பின்னால் வர வேண்டும். அறுவை செய்த காலைச் சற்று முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டும். வாக்கரை விட்டுக் கைகளை நாற்காலியின் கைப்பிடிக்கு மாற்றி, மெதுவாக இறங்க வேண்டும். எழும்போதும் அந்தக் கால் முன்னால்தான் இருக்க வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தால் வாக்கரும் ஆளும் சேர்ந்து சாய நேரிடும்.

மூன்றாவது, கழிவறை. இந்திய முறைக் கழிப்பறையில் குந்துவது, பந்து மாற்றியவர்களுக்கு மருத்துவர் வேண்டாம் என்று சொல்லும் முதல் அசைவு. வெஸ்டர்ன் கழிப்பறை இல்லாத வீடுகளுக்குக் கமோடு சேர் இருக்கிறது. மெடிக்கல் சாதனங்கள் விற்கும் கடைகளில் விலைக்கும், பல ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கிறது. வெஸ்டர்ன் இருந்தும் தாழ்வாக இருந்தால், அதன் மேல் பொருத்தும் உயர்த்தி விற்கிறார்கள். சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்று அடித்துவிடுங்கள். துண்டு காயப்போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. கொத்தனாரை அழைத்து ஆழமாகப் பதிக்கச் சொல்லுங்கள். நின்று குளிப்பதற்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும்.

உடையைப் பலரும் யோசிப்பதில்லை. தரையைக் கூட்டும் புடவையும் நைட்டியும், காலில் சுற்றும் வேட்டியும் வாக்கர் நடைக்கு ஆகாது. கணுக்காலுக்கு மேல் நிற்கும் நைட்டி, பாவாடை, அரைக்கால் சட்டை போதும். ரப்பர் செருப்பு வேண்டாம். பின்பட்டி உள்ள, அடிப்பாகம் வழுக்காத செருப்பு நல்லது.

90 டிகிரிக்குள் ஒரு வாழ்க்கை

சம்மணமிட்டுச் சாப்பிடுவது, அரிவாள்மனையில் காய் நறுக்குவது, குனிந்து கோலம் போடுவது, பூஜை அறையில் தரையில் அமர்வது, தொழுகையில் சிரம் பணிவது, தேவாலயத்தில் மண்டியிடுவது. நம் அன்றாடமே தரையோடுதான். மூட்டு மாற்றியவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் கட்டுப்பாடுகளோ நேர் எதிராக இருக்கின்றன: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்காதீர்கள், கால் மேல் கால் போடாதீர்கள், பாதத்தை உள்பக்கமாகத் திருப்பாதீர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. மூட்டின் பின்பக்கம் வழியாக அறுவை செய்திருந்தால் அங்கே தசையும் உறையும் வெட்டித் தைக்கப்பட்டிருக்கும். அவை ஆறிக் கெட்டியாவதற்குள் காலை மிகுதியாக மடக்கி உள்ளே திருப்பினால், பந்து கிண்ணத்தை விட்டுப் பின்பக்கமாக வெளியேறிவிடும். முன்பக்க வழி அறுவையில் கட்டுப்பாடுகள் வேறு. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதை நம் வீட்டில் கடைப்பிடிக்கக் கூடாது. பொதுவாக ஆறு முதல் 12 வாரங்கள் வரை இந்த எச்சரிக்கை தேவைப்படும். அதன் பிறகு எதற்கெல்லாம் அனுமதி என்பதை மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்வார்.

படுக்கும்போது இரண்டு தொடைகளுக்கும் நடுவில் ஒரு தலையணை இருக்கட்டும். கீழே விழுந்த செல்போனையோ மாத்திரை அட்டையையோ எடுக்கக் குனிய வேண்டாம். படுத்திருக்கும்போது கால்மாட்டில் கிடக்கும் போர்வையை இழுப்பதற்காக எழுந்து வளைவதும் குனிவதற்குச் சமம். கால் நகம் வெட்டுவது, மெட்டியைச் சரிசெய்வது, சாக்ஸ் மாட்டுவது எல்லாவற்றுக்கும் கொஞ்ச நாள் அடுத்தவர் கை வேண்டும். காரில் போவதானால் முன்சீட்டைப் பின்னால் தள்ளிச் சற்றுச் சாய்த்து, மேலே ஒரு தலையணை போட்டு, முதலில் பின்புறமாக உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே கொண்டுவர வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

தையலோ ஸ்டேப்பிள் பின்னோ பிரிக்கும்வரை, அதாவது சுமார் இரண்டு வாரம், காயம் நனையாமல் இருக்க வேண்டும். மஞ்சள், பச்சிலை, எண்ணெய் எதுவும் அதன் அருகே போக வேண்டாம். ‘லேசா நீவி விட்டா ரத்தம் ஓடும்’ என்று தைல பாட்டிலோடு வரும் உறவினரையும் தடுத்துவிடுங்கள். காலில் ரத்தம் உறைந்திருந்தால், பிடித்துவிடும்போது அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலை அடைக்கும் ஆபத்து இருக்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியையோ மாத்திரையையோ நான்கைந்து வாரங்கள் வரைகூட எழுதிக் கொடுப்பார்கள். ‘நடக்கத்தான் ஆரம்பிச்சாச்சே’ என்று பாதியில் நிறுத்தாதீர்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள்.

வலி மாத்திரையைத் தவிர்ப்பதும் ஒரு தவறு. வலி இருந்தால் நடக்க மாட்டார். நடக்காவிட்டால் மீள மாட்டார். உடற்பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரை உள்ளே போயிருந்தால் அடுத்த அடி எளிதாகும். வலுவான வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும். வாழைத்தண்டு, கீரை, கொய்யா, போதுமான தண்ணீர் எல்லாம் மருந்தோடு சேர வேண்டும்.

தண்ணீரில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிவரும், மருமகளுக்குத் தொந்தரவு’ என்று பல பாட்டிகள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். சிறுநீர்த் தொற்றும் குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்து, மதியம் அளவு பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று குடும்பத்தையே கலங்கடிப்பது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ராத்திரியில் இறந்துபோன அண்ணனை அழைப்பார். சுவரில் ஆள் நிற்பதாகச் சொல்வார். ஊசி, டியூபைப் பிடுங்குவார். பேய் பிடித்தது என்றோ, புத்தி போய்விட்டது என்றோ பயப்பட வேண்டாம். முதியவர்களுக்கு இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் அடிக்கடி வரும் தற்காலிகக் குழப்ப நிலை இது. தொற்று, உடலில் உப்புச்சத்துக் குறைவு, வலி, தூக்கமின்மை, சில மருந்துகள் என்று காரணங்கள் பல. உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கையைக் கட்டிப் போடாதீர்கள். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணில் படும்படி கடிகாரமும் நாட்காட்டியும் இருக்கட்டும். தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருந்து, இன்ன கிழமை, இன்ன ஊர், நான் யார் என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

• கெண்டைக்கால் வீக்கம், வலி, சூடு
• திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் (உடனே 108)
• காயத்தில் நீரோ சீழோ கசிவது, சுற்றிலும் சிவப்பது, காய்ச்சல்
• ‘படக்’ என்ற உணர்வோடு கடும் வலி, கால் குட்டையாகவோ ஒருபக்கம் திரும்பியோ தெரிவது
• நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று எடை வைக்க முடியாமல் போவது

அடி மேல் அடி

வாக்கர் நடைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த கால், கடைசியில் நல்ல கால். திரும்பும்போது அறுவை செய்த காலின் மேல் உடம்பைத் திருகக் கூடாது. சின்னச் சின்ன அடிகளாக வைத்து வட்டமடிக்க வேண்டும். வாக்கரின் கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் தோள் வலிக்கும், கீழே இருந்தால் கூன் விழும்.

முதல் நாள் கட்டிலிலிருந்து குளியலறை. சில நாள் கழித்துக் கூடம். அடுத்த வாரம் வாசல்வரை. ஒரே மூச்சில் நீண்ட தூரம் நடப்பதைவிட, நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது பலன் தரும். சுவரில் மாட்டிய காலண்டரிலேயே எத்தனை தடவை என்று கோடு போட்டு வையுங்கள். பேரப்பிள்ளைகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் மறக்கவே மாட்டார்கள்.

படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். இரண்டு நேரத்திலும் உடம்பின் பாரத்தைத் தூக்கும், இறக்கும் வேலை நல்ல காலுக்குப் போகிறது என்பதுதான் காரணம். உடன் வருபவர் ஏறும்போது பின்னாலும், இறங்கும்போது முன்னாலும் நிற்க வேண்டும்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது பலரும் வலிக்கும் பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடிக்கிறார்கள். அதை எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணத்திலும் உடல் சாய்ந்துவிடாமல் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலமாக இழுக்கிறது. அந்த இழுவையும் உடல் எடையும் சேர்ந்து மூட்டின் மேல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. எதிர்க்கையில் தடி ஊன்றினால் அந்தத் தசைக்கு வேலை குறைகிறது, மூட்டுக்கும் சுமை குறைகிறது.

பத்தியம் வேண்டாம், புரதம் வேண்டும்

‘பருப்பு சாப்பிட்டா சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, தயிர் சேர்க்காதே, ரசம் சாதம் மட்டும் கொடு.’ காயம் ஆற வேண்டிய நேரத்தில், ஆற்றுவதற்கான சரக்கையே நிறுத்தி வைக்கும் பத்தியம் இது. சீழ் கிருமியால் வருகிறது. பருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்த நாட்களில் தினம் 60 கிராம் அளவுக்குப் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு தம்ளர் பாலில் கிட்டத்தட்ட அதே அளவு. இட்லியும் ரசமும் மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு நிறையாது. காலையில் முட்டை, பதினோரு மணிக்குச் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பும் மீனும், மாலையில் வேர்க்கடலை, இரவில் பால் என்று பிரித்துக் கொடுக்கலாம். சைவக்காரர்களுக்குப் பனீர், சோயா, தயிர் கைகொடுக்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு அளவு ஏறிப்போனால் காயம் ஆறாது. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஹார்லிக்ஸ், பிஸ்கட், ஜூஸ் பொட்டலங்களையும் கணக்கில் வையுங்கள்.

கவனிப்பவரையும் யாராவது கவனியுங்கள்

இந்த 12 வாரங்களில் உடம்பு தேய்பவர் இன்னொருவரும் உண்டு. பெரும்பாலும் அவர் மனைவி, மகள் அல்லது மருமகள். ராத்திரி மூன்று தடவை எழுந்து, பகலில் சமைத்து, சிலர் வேலைக்கும் போய் வருகிறார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி அவர்களுக்கும் முதுகு பிடித்துக்கொள்கிறது. அந்த முறையே தவறு. இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட்டோ கெட்டித் துண்டோ கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, நோயாளி தன் பலத்தில் எழ உதவ வேண்டும். மகன்களும் மருமகன்களும் இரவுப் பணியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தாயையோ தந்தையையோ கழிவறைக்கு அழைத்துப் போவது பெண்களுக்கு மட்டும் எழுதி வைத்த வேலை கிடையாது.

வருகிறவர்களின் பேச்சும் ஒரு மருந்துதான், சில நேரம் விஷமும்கூட. ‘எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான், அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை’ என்ற ஒரு வரி, நாலு நாள் பயிற்சியின் பலனைக் கெடுத்துவிடும். மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் பலரைக் கட்டிலிலேயே கட்டிப்போடுகிறது. அவர்களுக்குச் சொல்ல வேறு கதைகள் இருக்கின்றன. இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் தாயாருக்கு 95 வயதில் ஒரு இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது. 1998-ல் விழுந்தபோது மற்றொன்றும் மாற்றப்பட்டது. அப்போது வயது 97. மீண்டும் பொதுநிகழ்ச்சிகளுக்கு வந்தார், 101 வயதுவரை வாழ்ந்தார். டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே 2019 ஜனவரியில் இடுப்பு மூட்டின் தேய்ந்த பரப்புக்கு உலோக உறை பொருத்திக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் கோப்பையை வென்றார்.

கைகொடுக்கும் திட்டங்கள், காப்பாற்ற வேண்டிய காகிதம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்கு இடமுண்டு. வீட்டுக்கு வந்த பிறகு உதவுவது 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளோடு வீடு தேடி வரும் பிசியோதெரபியும் இத்திட்டத்தில் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, தெருவுக்கு வரும் பணியாளரிடமோ விவரம் சொன்னால் போதும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 2024-ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. தனியாக வாழும் முதியவர்களுக்கு 14567 என்ற இலவச உதவி எண் உண்டு.

ஒரு காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். உடலுக்குள் வைத்த செயற்கை மூட்டின் நிறுவனம், வகை, வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் அது. கேஸ் ஷீட்டில் ஒன்று ஒட்டுவார்கள். உங்களுக்கும் ஒன்று கேட்டு வாங்குங்கள். 2010-ல் ஏ.எஸ்.ஆர். என்ற வகை இடுப்பு மூட்டுகள் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் அவை பொருத்தப்பட்டவர்கள் சுமார் 4,700 பேர். அவர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. தன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் சொல்ல அந்த ஸ்டிக்கர்தான் சாட்சி.

இன்னொரு பக்கம் இருக்கிறது

ஆறாவது வாரம் எக்ஸ்ரே, 12-வது வாரம் மறு பரிசோதனை முடிந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் ‘சரியாப் போச்சு’ என்று நிம்மதியடைகின்றன. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்திருக்கிறது என்றால், அந்த எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருந்தது என்று பொருள். மற்ற இடுப்பும் அதே எலும்புதான். ஒரு முறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆண்டுக்கு ஒரு முறை போடும் எலும்பு வலுவூட்டும் ஊசி, இடுப்பு முறிந்தவர்களுக்கு அடுத்த முறிவையும் மரணத்தையும் குறைத்ததாக 2007-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்திப் பரிசோதனை, இந்த ஊசி அல்லது மாத்திரை பற்றி மருத்துவர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். கூடவே கண் பரிசோதனை, தலைசுற்றல் தரும் தூக்க மாத்திரைகள் பற்றிய ஆலோசனை இரண்டையும் முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 65 வயதைத் தாண்டிய யாராவது இருந்தால், இன்றிரவு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, அவருடைய கட்டிலிலிருந்து கழிவறைக்கு வெறுங்காலில் ஒருமுறை நடந்து பாருங்கள். சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா, நிலைப்படி இடறுகிறதா, தரை ஈரமாக இருக்கிறதா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு இரவு விளக்கும் ஒரு கைப்பிடிக் கம்பியும் வாங்க நாளைக் காலையே கடைக்குப் போய்விடலாம்.